யானைக்கு என்ன விலை, சிறுத்தைக்கு என்ன விலை

அன்பு மகள் புயலுக்கு,

இங்கே நானும் இரண்டு கார்களும் சௌக்கியம். அங்கே நீயும் உன் அம்மாவும் சௌக்கியமா என்று தெரிந்துகொள்ள நாங்கள் மூன்று பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். மூவரில் இருவருக்கு எழுத வராது என்பதால் பேனா என் கைக்கு வந்தது. உன்னை வளர்த்த பெருமை உன் அப்பா அம்மாவுக்கு, கெடுத்த பெருமை முழுக்க முழுக்க எனக்கு என்று வீட்டில் எப்போதோ பாகம் பிரித்தாகிவிட்டது. அண்ணன் போன பிறகு அவர் பங்கையும் சேர்த்து நான்தான் பார்க்கிறேன், அந்த இரட்டைப் பதவியில் எழுதுகிறேன். சித்தப்பா வழக்கம்போல் அளக்கிறார் என்று பாதியில் மடித்து வைத்துவிடாதே. அண்ணியை உன்னோடு கூட்டிக்கொண்டு போனாயே, அதிலிருந்து உலகத்து மௌனமெல்லாம் நம் கூடத்தில் வாடகை கொடுக்காமல் குடியேறிவிட்டது. குழாயில் சொட்டுகிற தண்ணீர் இடி மாதிரி விழுகிறது, சரி செய்யலாம்தான், ஆனால் அதுவும் நின்றுவிட்டால் யாரோடு சண்டை போடுவது என்று விட்டுவைத்திருக்கிறேன்.

போன மாதம் போனில் நீ சொன்னதை வரிக்கு வரி மனதில் வைத்திருக்கிறேன். சித்தப்பா, இந்த வருஷமும் லீவு கிடைக்காது போல, இரண்டு வண்டியும் சும்மா நின்னு விலை இறங்குது, எது எப்படிப் போகும்னு விசாரிச்சு ஒண்ணை வித்துடுங்க, இன்னொண்ணை நீங்க ஓட்டுங்க என்றாய். உன் குரலில் அவசரம் இருந்தது, பின்னால் யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள். நானும் மகாராணியின் கட்டளை தலைமேல் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு ஷெட்டுக்குப் போய் இரண்டையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் உன் அப்பா வாங்கிய டீசல் யானை, இந்தப் பக்கம் உனக்கு வேலை உயர்ந்த சந்தோஷத்தில் நீ வாங்கின பெட்ரோல் சிறுத்தை. ஒளிப்பானேன், யானையை விற்கச் சொல்லி யாராவது தீர்ப்பு சொல்லிவிட வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டது. அண்ணன் மன்னிப்பார், அவர் திரும்பி வந்து சாவி கேட்கப் போவதில்லை. நீ கேட்பாய் இல்லையா.

மறுநாள் தலைவாரி, நல்ல சட்டை போட்டு, நாட்டின் நிதி மந்திரி மாதிரி யானை மேல் ஏறி மேம்பாலத்துக்குக் கீழே இருக்கிற பழைய கார் தரகரிடம் போனேன். அங்கே கார்களுக்கெல்லாம் முகம் துடைத்து, கண்ணாடியில் வருஷத்தை வெள்ளையில் எழுதி, பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். தரகர் கையில் ஒரு சின்னக் கருவி, பெயிண்ட் எத்தனை கனம் என்று சொல்லுமாம், அதை என் கன்னத்திலும் ஒருதரம் வைத்துப் பாருங்கள், எத்தனை முறை பூச்சு வேலை நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்கிறேன் என்றேன். மனிதர் சிரிக்கவில்லை. சிரித்தால் விலை குறைத்துக் கேட்பார்கள் என்று பயம் போல. ஆனால் விஷயம் தெரிந்தவர். இந்த மாதிரி பெரிய டீசல் வண்டிக்கு எப்பவும் ஆள் இருக்கு சார், குடும்பஸ்தன் வருவான், தூர ஓட்டம் ஓடுறவன் வருவான், எண்ணெய்ச் செலவு கம்மி, இழுவை ஜாஸ்தி, அதனால விலை படிக்கட்டுல இறங்குற மாதிரி மெதுவா இறங்கும், பழைய டீசலுக்குத் தடை வரப்போகுதுன்னு வதந்தி கிளம்பினா மட்டும் ரெண்டு படி சேர்த்துக் குதிக்கும் என்றார். அதே உங்க பொண்ணு வண்டி மாதிரி வேகத்துக்குன்னே செஞ்சதுன்னா, ஷோரூம் வாசலைத் தாண்டினதுமே மாடியிலேர்ந்து விழுற கதைதான், முதல் சொந்தக்காரர்தான் அடி முழுக்க வாங்குவார், டயர் விலையைக் கேட்டாலே ரெண்டாவது ஆள் ஓடிப்போவான், ஆனா அதை மனசு வெச்சுத் தேடுற பைத்தியம் ஒண்ணு கிடைச்சா நாம கேட்கிறதுக்கு மேலேயே கொடுக்கும், கிடைக்கிறதுதான் கஷ்டம் என்றார். சரிதான், பைத்தியம் கிடைக்காத வரை சிறுத்தை நமக்கே, யானையை விற்றுவிடலாம் என்று உள்ளுக்குள் வெற்றி முரசு கொட்டிக்கொண்டிருந்தேன், அப்போதுதான் அவர் யானையின் உள்ளே எட்டிப் பார்த்து, இதென்ன சார் மீட்டர்ல பிளாஸ்திரி என்று கேட்டார்.

அந்தப் பிளாஸ்திரியின் வரலாறு இது. ஓடின தூரம் ஏறினால் விலை குறையும் என்று நீதானே ஒருதரம் சொன்னாய், அதனால் மகா புத்திசாலியாக யானையைத் தினமும் பால் வாங்குகிற கடை வரை மட்டும் ஓட்டினேன், அதுவும் நத்தை முந்திக்கொண்டு போகிற வேகத்தில். கொஞ்ச நாளில் மீட்டரில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டே இருந்தது, எனக்கு முறைத்தால் பிடிக்காது, வெட்டுக்காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை எடுத்து அதன் மேல் ஒட்டிவிட்டேன். தரகர் அதைப் பிய்த்துப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்க ஒரு வடிகட்டி உண்டாம், வண்டி நன்றாகச் சூடாகித் தூரம் ஓடினால்தான் அந்தக் கரி தானே எரிந்து போகுமாம், பக்கத்துக் கடைக்கே போய்வந்தால் அடைத்துக்கொள்ளுமாம். நீங்க வண்டியைக் காப்பாத்தலை சார், மூச்சை அடைச்சு வெச்சிருக்கீங்க, இப்படியே கொண்டுவந்தா யானை விலை இல்லை, பூனை விலைதான் என்றார். முதலில் ஒருநாள் நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் ஓட்டிப் பாருங்கள், விளக்கு அணைந்தால் பிழைத்தீர்கள் என்றும் சொன்னார்.

ஓட்டினேன். கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, லாரிகள் எல்லாம் எனக்கு வணக்கம் வைத்து ஒதுங்குவதாகக் கற்பனை செய்துகொண்டு, தொழிற்பேட்டை தாண்டி, கல் குவாரி தாண்டி, போகவேண்டிய இடம் எதுவும் இல்லாமல் போய்க்கொண்டே இருந்தேன். உன் சித்தப்பா பேருந்து நிலையத்தில் மைக்கைப் பிடித்து வாழ்ந்தவன் அல்லவா, எந்தப் பேருந்து எந்த நடைமேடையிலிருந்து கிளம்புகிறது என்று சொல்லிச் சொல்லியே ரிட்டயர் ஆனவன், அந்தக் குரலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா, கிளம்பிய பேருந்துகளையெல்லாம் வரிசையாக வண்டிக்குள் அறிவித்துக்கொண்டு போனேன். திடீரென்று விளக்கு அணைந்தது. பார்த்தாயா, பார்த்தாயா என்று கத்திக்கொண்டு பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே என் பையும் தண்ணீர் பாட்டிலும் பெல்ட் கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தன. திரும்பி வரும்போது அறிவிப்பு எதுவும் செய்யவில்லை.

இனி சிறுத்தையின் கதை. அதை நான் ஓட்டுவதில்லை, அந்த வேகம் என் வயதுக்கு ஒத்துவராது. ஆனால் சாயங்காலம், முன்பு நீ வேலை விட்டு வருகிற நேரத்துக்கு ஷெட் கதவைத் திறந்து ஸ்டார்ட் மட்டும் செய்வேன். அந்த உறுமல் இருக்கிறதே, தெரு முனையில் நீ திரும்பும்போதே அண்ணி அடுப்பைப் பற்றவைப்பாளே, அதே உறுமல். நீ உனக்கென்று பதிந்துவைத்த முதல் பொத்தானை அழுத்தினால் சீட் தானாக முன்னால் நகர்ந்து, கண்ணாடிகள் உன் உயரத்துக்குச் சாய்ந்து நிற்கும். என் முழங்கால் இடிக்கும், பரவாயில்லை என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் மாடி வீட்டு டீச்சர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, பொண்ணு வந்தாச்சா என்று கேட்டார். விளையாட்டுக்கு ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். விளைவு என்ன தெரியுமா, மூடி போட்ட பாத்திரத்தில் உனக்குச் சாப்பாடு வந்தது. மறுநாளும் வந்தது. எங்கே பொண்ணைக் கண்ணிலேயே காட்ட மாட்டேங்கிறீங்க என்றால், பயணக் களைப்பு, தூங்குகிறாள் என்பேன். உலக வரலாற்றிலேயே இவ்வளவு நாள் தொடர்ந்து தூங்கினவள் நீதான். பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது, நல்லா சாப்பிட்டாளா என்று கேட்பார். ரசித்துச் சாப்பிட்டாள் என்று சொல்லுவேன். சாப்பிட்டவன் தனியாகச் சாப்பிட்டான் என்பதைத் தவிர மற்றதெல்லாம் உண்மைதான்.

இந்த நேரத்தில்தான் பைத்தியம் வந்து சேர்ந்தது. தரகர் கூட்டி வந்தார், ஒரு பல் டாக்டரம்மா, உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். இந்த நிறத்தில், இந்த எஞ்சினில், இவ்வளவு குறைவாக ஓடின வண்டியை எத்தனையோ நாளாகத் தேடுகிறாளாம். நான் என்னால் முடிந்த மட்டும் வண்டியைக் கெடுத்துப் பேசினேன், பெட்ரோல் குடிக்கும் வேகத்தைச் சொன்னேன், வேகத்தடை மேட்டைப் பார்த்தால் பயப்படும் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, அங்கிள், நீங்க சொல்றதெல்லாம் எனக்குத் தெரியும், ஒரு ரவுண்ட் போலாமா என்றாள். ஏறி உட்கார்ந்ததும் அவள் உயரத்துக்கு சீட்டைப் பின்னால் தள்ளினாள். ஆனால் புயலே, அவள் ஓட்டின விதத்தைச் சொல்லவேண்டும், மேம்பாலத்தில் ஏறும்போது உன்னைப்போலவே உதட்டைக் கடித்துக்கொண்டாள். நெடுஞ்சாலையில் யானைக்கு வந்த மூச்சு அன்றைக்கு சிறுத்தைக்கும் வந்ததைக் காதால் கேட்டேன். ஓடப் பிறந்ததை ஷெட்டில் வைத்து மாலையானால் உறுமச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இறங்கியதும் நானே சரி என்று சொல்லிவிட்டேன். தரகர் சொன்னதைவிட நல்ல விலை, இன்னும் ஒரு வருஷம் வைத்திருந்தால் இது வராது. யானை நம்மோடு இருக்கட்டும், அது மெதுவாகத்தான் இறங்கும், அதற்கும் எனக்கும் அந்தப் பொருத்தம் உண்டு. வாரம் ஒருமுறை நெடுஞ்சாலைக்குக் கூட்டிப்போகிறேன். டீச்சரிடம் உண்மையைச் சொல்லி, வருகிறீர்களா என்று கேட்கலாம் என்றிருக்கிறேன். பாத்திரத்தால் அடிக்காமல் இருந்தால் வருவார்.

நீ குளிரில் காதை மூடிக்கொண்டு போ. வேலை வேலை என்று சாப்பாட்டு நேரத்தை விழுங்காதே. அம்மாவை வாரத்துக்கு ஒருதரமாவது எங்கேயாவது தூரமாகக் கூட்டிப்போ, மூச்சு அடைப்பது வண்டிக்கு மட்டும் வருகிற நோய் இல்லை. நீ நினைப்பதெல்லாம் நடக்கட்டும், நடக்காததைப் பற்றி நினைக்க உனக்கு நேரமே இல்லாமல் போகட்டும்.

மறக்காமல் ஒன்று. வண்டி உன் பெயரில் இருப்பதால் உன் கையெழுத்து வேண்டும். தாளை இதோடு வைத்திருக்கிறேன், பென்சிலால் குறி போட்ட இடத்தில் போட்டுத் தபாலில் அனுப்பினால் போதும். நேரில் வந்துதான் போடவேண்டும் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா என்று தரகரிடம் கேட்டேன். இல்லை என்றார். நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று மறுபடியும் கேட்டேன். இல்லவே இல்லை சார் என்றார்.

என்றும் உன் நலம் விரும்பும்,
உன் சித்தப்பா
(யானைப்படைத் தளபதி, சிறுத்தைப்படை கலைக்கப்பட்டது)