கப்பல் வாடகை ஆறாயிரம்

நவம்பர் 11, திங்கள்

பழனிசாமி அண்ணாச்சியின் இரும்புக் கடைக்குப் பெயர்ப்பலகை டிசைன். பதினான்கு மாதிரி. பதினான்கு! கடைசியில் முதல் நாள் போட்டதையே எடுத்துக்கொண்டார்.

காசு பேசும்போது "மூவாயிரம் அண்ணாச்சி" என்றேன். அவர் வாயைத் திறக்கவில்லை, தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தார், அவ்வளவுதான். அதற்குள் என் நாக்கு, "உங்களுக்கு ரெண்டாயிரம்" என்கிறது. யார் கேட்டா? ஃபேனைப் பார்த்ததற்கே ஆயிரம் ரூபாய் போச்சு. வாயைத் திறந்த பிறகு ஆயிரத்து இருநூறுக்கு வந்து நின்றது.

"கம்ப்யூட்டர்தானம்மா போடுது, நீ பட்டனத்தான அமுக்குற" என்றார். உங்கள் கடையில் தராசுதானே நிறுக்கிறது, ஆணிக்கு எதற்குக் காசு என்று கேட்டிருக்கலாம். அங்கே தோன்றினால்தானே. எங்கள் ஏரியா டெய்ரி ஃபார்ம் வந்து, பஸ்ஸை விட்டு இறங்கி, அரிசி களையும்போது தோன்றுகிறது.

நவம்பர் 14

காலையிலிருந்து நெட் இல்லை. இன்றைக்குக் கொடுக்க வேண்டிய லோகோ உள்ளேயே கிடக்கிறது. திட்டு வாங்குவது நான்.

நவம்பர் 17, ஞாயிறு

என் வீட்டுக்காரர் ஸ்ரீதர், வடக்கே இருக்கிற ரங்கத் ஊரிலிருந்து நேற்று வந்தார். அங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. மாதத்தில் இரண்டு முறை பஸ்ஸில் முதுகு ஒடிய வந்து போகிறார். வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார். ஏதோ ஆபீசில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர், காண்ட்ராக்ட் வேலை. இப்போது இருக்கிற பெண் பிப்ரவரியில் பிரசவத்துக்குப் போகிறாளாம். பதினேழாம் தேதி சேர வேண்டும்.

"வைஜு, நீ வரைய வேணாம்னு சொல்லல. சாயந்தரம் வந்து வரை."

சாயந்தரம் வந்து வரை! சமைத்துவிட்டு, துணி மடித்துவிட்டு, அப்புறம் வரை. கத்தலாம் என்று பார்த்தேன். ஆனால் போன மாதம் நான் சம்பாதித்தது நாலாயிரத்துச் சொச்சம். அதை வைத்துக்கொண்டு எந்தக் குரலில் கத்துவது? பிப்ரவரிக்குள் படம் வரைந்தே மாதம் பன்னிரண்டாயிரம் வந்தால் வேலைக்குப் போகவில்லை, வராவிட்டால் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 26, செவ்வாய்

இன்றைக்கு ஒரு கூத்து.

எதிர்வீட்டு பவானி, கிரகப்பிரவேசப் பத்திரிகை. அச்சடிப்பது சென்னையில், பெட்டி கப்பலில் வரும், படம் மட்டும் என்னுடையது. டிசைனுக்கு இரண்டாயிரம் என்று எழுதியிருந்தேன். முக்கால் மணி நேரம் அடித்துப் பேசினாள். "உனக்கென்ன, உக்காந்த எடத்துல செய்யற." "நம்மளுக்குள்ள என்னடி காசு." நானூறுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். அதற்குக் கீழே கப்பல் வாடகை எழுநூறு. அதைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், "கப்பல்ல வரணும்ல, ஆகத்தான செய்யும்" என்று எண்ணிக் கொடுத்தாள்.

ஒரு பேச்சு இல்லை! நான் ஐந்து நாள் கண் எரிய உட்கார்ந்து வரைந்ததற்கு நானூறு. ஒரு அட்டைப்பெட்டி கப்பலில் சும்மா படுத்துக்கொண்டு வந்ததற்கு எழுநூறு.

யோசித்துப் பார்த்தால் இந்தத் தீவில் கப்பல் வாடகைக்கு யாரும் பேரம் பேசி நான் பார்த்ததில்லை. தக்காளியா, சிமெண்டா, டிவியா – மெயின்லேண்டில் இவ்வளவு, இங்கே இவ்வளவு, நடுவில் கடல். கடலிடம் யார் போய்க் குறைக்கச் சொல்வது?

டிசம்பர் 3

செய்துவிட்டேன். கல்யாண போட்டோ எடுக்கும் வங்காளிக்காரர் ஒருவருக்கு ஆல்பம் அட்டை. டிசைன்: இலவசம். கப்பல் வாடகை: இரண்டாயிரத்து எழுநூறு. உண்மையில் ஐநூறுதான்.

"அரே, ஜஹாஸ் கா தோ லகேகா ஹி" என்று, கப்பலுக்கு ஆகத்தானே செய்யும் என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். இலவசமாக வரைந்து கொடுத்ததற்கு ரசகுல்லா வேறு.

ரசகுல்லாவைத் தின்ன மனசு வரவில்லை. ஆனால் காசு கையில் இருக்கிறது. என்ன செய்ய?

டிசம்பர் 20, வெள்ளி

துறைமுகத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஹேடோ குவார்ட்டர்ஸிலிருந்து பங்கஜம் அக்காவும் மகள் ப்ரியங்காவும் வந்தார்கள். தை மாதக் கடைசியில் ப்ரியங்காவுக்குக் கல்யாணம். அம்மாவுக்கு மயில், யானை, வாழைமரம் எல்லாம் வேண்டும். பெண்ணுக்கு எதுவும் வேண்டாம், கிரேன்தான் வேண்டும். அப்பா குழந்தைவேலு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அந்தக் கிரேன் கல்யாண மாலையைத் தூக்கி வருகிற மாதிரி.

"பத்திரிகையில கிரேனாடி? மாப்ள வீட்டுல சிரிக்க மாட்டாங்க?"

"அப்பா அதுல ஏறித்தானேம்மா என்னைப் படிக்க வச்சாரு."

பங்கஜம் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கை துறுதுறுத்தது. எத்தனை வருஷம் ஆயிற்று, ஒருத்தி வந்து வரைய வேண்டியதைச் சொல்லி!

டிசம்பர் 29, ஞாயிறு

துறைமுகக் கேட்டுக்கு வெளியே ப்ரியங்காவோடு மூன்று நாள் நின்றிருக்கிறேன். கம்பி எது, கொக்கி எது என்று அவள் சொல்லச் சொல்ல வரைந்தேன். மேலே கேபின் ஜன்னலில் ஒரு சிவப்புத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அதையும் போட்டுவிட்டேன். மாலை சரியாக விழவில்லை. பூ கனமாகத் தொங்க வேண்டும், இது பிளாஸ்டிக் மாதிரி நிற்கிறது. ஏழாம் முறை அழித்தாயிற்று.

ஜனவரி 4

முடிந்தது. பதினோரு நாள். நன்றாக வந்திருக்கிறது, நானே சொல்கிறேன்.

பில்: நானூறு பத்திரிகை அச்சுக்கூலி 8,800. டிசைன் இலவசம். கப்பல் வாடகை 6,000. பங்கஜம் அக்கா மூச்சு விடாமல் கொடுத்தார். பாதி அட்வான்ஸ் கூட இல்லை, முழுசாக.

ஜனவரி 22

கப்பல் மூன்று நாள் தாமதம், மூன்று நாளும் பங்கஜம் அக்காவின் போன். இன்று பெட்டி வந்துவிட்டது. அவர்களே ஹேடோவில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அப்பாடா, எனக்கு ஆட்டோ காசு மிச்சம்.

ஜனவரி 24, வெள்ளி

நான் ஒரு முட்டாள். முட்டாள்! கிரேன் ஓட்டுகிறவர் வீட்டுக்குப் போய்க் கப்பல் வாடகையில் பொய் எழுதியிருக்கிறேன். பெட்டியை அவரையே எடுக்கவும் விட்டிருக்கிறேன். கை பழக்கத்தில் எழுதிவிட்டது, புத்தி எங்கே போயிற்று?

காலையில் புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். குழந்தைவேலு அண்ணன் உட்காரவில்லை. கப்பல் ஏஜெண்டு கொடுத்த வாடகைச் சீட்டை மேஜையில் வைத்தார். 640 ரூபாய். பக்கத்தில் என் பில்லை வைத்தார்.

"மிச்சம் எங்கம்மா போச்சு?"

அவரே தொடர்ந்தார்.

"ஊர்ல எந்தச் சாமான் வெல ஏறினாலும் ஹேடோக்காரன் தலையிலதான் கட்டுறான். வெங்காயம் ஏறினா நாங்க, மருந்து ஏறினா நாங்க. கொள்ளையடிக்கிறோம்னு கடையில நின்னு பேசுறான், கேட்டுட்டு வரேன். முப்பது வருஷமா வெயில்ல மேல உக்காந்திருக்கேன். என் பொண்ணு கல்யாணப் பத்திரிகையிலயே நீயும் எங்க மேல எழுதுறியா?"

அய்யோ. இதை நான் நினைக்கவே இல்லை. காசைக் கேட்பார் என்று நினைத்தேன், இதை நினைக்கவில்லை.

அழுகை வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. "எல்லாம் என் வேலைண்ணே! பதினோரு நாள் வரைஞ்சேன். டிசைன்னு எழுதினா யாரு குடுக்கறா? அக்காவையே கேளுங்க, குடுத்திருப்பாங்களா?" என்று கத்திவிட்டேன். வயசில் பெரியவர் முன்னால்.

பங்கஜம் அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "ஐநூறுக்கு மேல ஒத்த ரூவா குடுத்திருக்க மாட்டேன். படந்தானே."

அண்ணன் பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அக்காவிடம் காட்டினார். "இந்தத் துண்டு யாருது?"

"உங்களுது. கேபின்ல போடுவீங்களே."

"இது எந்தக் கப்பல்ல வந்துச்சு?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். கோபம் அப்படியேதான் இருந்தது. "புது பில்லு எழுது. வாடகைன்னா வாடகை மட்டும். உன் வேலைக்கு எவ்வளவோ அதைத் தனியா போடு."

எழுதினேன். அச்சுக்கூலி 8,800. கப்பல் வாடகை 640. டிசைன் 5,360. அதே பதினாலாயிரத்து எண்ணூறு. அவர் வாசித்துப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டார். ஒரு ரூபாய் திருப்பிக் கேட்கவில்லை. "ஆனா ஹேடோ பூரா சொல்லத்தான் போறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

டிசைன் 5,360. டிசைனுக்கு நான் எழுதியது பேரம் இல்லாமல் அப்படியே நின்றது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 28

சொல்லிவிட்டார். பவானி வந்து அவள் பில்லைக் காட்டி, எழுநூறும் நிஜந்தானா என்று கேட்டாள். அது நிஜந்தான் தாயே! நம்பவில்லை. போட்டோக்காரருக்கு நானே போன் செய்து சொன்னேன். "சச் மே?" என்று, நிஜமாகவா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இரண்டாயிரத்து இருநூறை அனுப்பிவிட்டேன். அதுவும் என் வேலைதான், ஆனாலும் அனுப்பிவிட்டேன். இரண்டு பத்திரிகை ஆர்டர் கேன்சல்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஸ்ரீதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "கிரேன்காரர்கிட்டயேவா வைஜு?" எனக்கு எரிகிறது, இவருக்குச் சிரிப்பு. இந்த மாதம் இதுவரை வந்தது மூவாயிரம். ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போக இரண்டு புடவை எடுத்து வைத்தேன்.

பிப்ரவரி 12

ப்ரியங்கா கல்யாணத்துக்குப் போகவில்லை, எந்த முகத்தோடு போவது? பங்கஜம் அக்கா சாப்பாடு கட்டிக் கொடுத்தனுப்பியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் யாரும் சிரிக்கவில்லையாம், இன்னும் பத்துப் பத்திரிகை கேட்டார்களாம். இலவசமாகத் தருவியா என்று போனில் வேறு கேட்கிறார். திருந்தவே மாட்டாங்க.

பிப்ரவரி 16

மூன்று பேர் வந்தார்கள் இந்த வாரம். மூன்று பேருக்கும் டிசைனைத் தனியாக எழுதிக் கொடுத்தேன். ஒருவர் போனவர் போனவர்தான். இரண்டு பேர் சரி என்றார்கள், ஒன்பதாயிரம். ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு. ஸ்ரீதருக்குப் போன் செய்து, நாளைக்கு நான் போகவில்லை என்றேன். "சரி, அந்தப் பொண்ணுக்குச் சொல்லிடறேன்" என்றார்.

மார்ச் 5, புதன்

ரங்கத்திலிருந்து கிருஷ்ணமூர்த்தி என்று ஒருவர். புது லாட்ஜ் கட்டியிருக்கிறார். பெயர், போர்டு, மெனு அட்டை எல்லாம் வேண்டும். பில்லை நீட்டினேன். டிசைன் ஏழாயிரம், அச்சுக்கூலி ஆறாயிரத்து நூறு, கப்பல் வாடகை 880.

அவர் விரலை வைத்து அடியிலிருந்து மேலே வாசித்தார். அடி வரியிலேயே விரல் நின்றது.

"எண்ணூத்தி எம்பதா? ஹேடோல ஒருத்தர் சொல்லித்தான் அனுப்பினாரு. அந்தம்மா நல்லா வரையும், ஆனா கப்பல் வாடகையை மட்டும் உத்துப் பாத்துக்கன்னு."

என் எதிரிலேயே ஏஜெண்டுக்குப் போன் போட்டார். 880தான் என்று அவனும் சொன்னான். அப்படியும் விடவில்லை. "பெட்டி சின்னதாத்தான இருக்கும்? கொஞ்சம் கொறைங்க, தோடா கம் கரோ." கால் மணி நேரம், அந்த ஒரு வரிக்கு. மேலே ஏழாயிரம் தன்பாட்டுக்கு இருக்கிறது, விரல் அந்தப் பக்கம் போகவே இல்லை.

நான் தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "சரி, உங்களுக்காக வாடகையில எம்பது ரூபா கம்மி" என்று குறைத்துக் கொடுத்தேன்.