பவளக்குஞ்சுகளுக்கு நூற்றிருபது ஓடு

பிப்ரவரி 19
கடலோர ஊரான மண்டபத்தில் பவளப்பாறை ஆராய்ச்சி; சொந்த ஊர் விருத்தாசலம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேன். இன்று கைடு ராகவேந்திரன் சார் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார். "வெண்பா, உங்க ஊர்ல பீங்கான் செய்யறாங்கல்ல? பவளக்குஞ்சு ஒட்டி வளர நூத்திருபது ஓடு வாங்கிட்டு வாம்மா."

பவளம் வருஷத்துக்கு ஒருமுறை, பௌர்ணமியை ஒட்டித்தான் முட்டை விடும். மார்ச் 25. அதற்கு இரண்டு வாரம் முன்பே ஓடு கடலில் ஊற வேண்டும். தவறினால் என் முனைவர் பட்டமும் ஒரு வருஷம் ஊறும்.

பிப்ரவரி 21
பீங்கான் பட்டறை தங்கராசு அண்ணன் கேட்டார்: "பவளமா? மோதிரத்துல வெக்கிறதா?"
"உசுரோட இருக்குறதுண்ணே."
"உசுரோடயா!"
ஓடு சொரசொரப்பாக இருக்க வேண்டும் என்று மூன்று முறை சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 3
போச்சு. நூற்றிருபதும் பாத்ரூம் டைல்ஸ் மாதிரி மின்னுது! கிளேஸ் பூசிச் சுட்டிருக்கிறார்கள். வழுக்குற எடத்துல குஞ்சு எப்படி ஒட்டும்? பட்டறையிலேயே கத்தினேன்.

பூசியவர் மாரியம்மாள் அக்கா. பதினெட்டு வருஷமாக அங்கே வேலை. அசரவில்லை. "சின்னப் புள்ளைங்க ஒக்காருற எடம்னாங்க. வழவழன்னு இருந்தாத்தான குத்தாது?"

சொரசொரப்பு பற்றி அவரிடம் யாரும் சொல்லவே இல்லை. நான் ஏன் கத்தினேன்? வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 4
அக்காவே கூப்பிட்டார். "வா, புதுசா போடலாம். எப்படி வேணும்னு நீயே கீறிக் காட்டு."

ஈர ஓடுகளைக் கம்பி பிரஷ்ஷால் இருவரும் கீறினோம். ஐம்பதாவது ஓட்டில் கேட்டார்: "கல்யாணம் ஆவலன்னு இதெல்லாம் பண்றியா?"
"ஆமாங்க்கா."
சிரித்த சிரிப்பில் ஓடு ஒன்று கைநழுவி நசுங்கியது.

மார்ச் 10
சூளை பிரித்ததும் அள்ளிக்கொண்டு பஸ் ஏறினேன். மூட்டையில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். பிரசவ வார்டு என்றேன். லக்கேஜ் டிக்கெட் கிழித்துவிட்டார்.

ஏப்ரல் 6
நூற்றுப் பத்தொன்பதில் எண்பத்து மூன்று ஓட்டில் குஞ்சு ஒட்டியிருக்கிறது! சார் பல் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே ஒரு கட்டுரை போடலாம்.

மே 9
காத்து செத்துப்போச்சு. பத்து நாளாக ஒரு மேகமும் இல்லை. காற்று அடித்தால்தான் கடல் ஆவியாகித் தன் சூட்டை வானத்துக்குத் தரும். அடியிலுள்ள குளிர்ந்த நீரும் மேலே கலக்கும். இப்போது கடலும் வானமும் பேசிக்கொள்வதில்லை. தண்ணீர் முப்பத்திரண்டு டிகிரி; இந்தச் சூடு நீடித்தால் பவளம் வெளுத்துச் சாகும். இதைப் பற்றி இரண்டு கட்டுரை எழுதியிருக்கேன் — எழுதி என்னத்தக் கிழிச்சேன்?

மே 12
பாறை முழுக்க வெளுத்துவிட்டது.

மே 28
தென்மேற்குக் காற்று. மணலை வாரி மூஞ்சியில் அடிக்கிறது. அடி, நல்லா அடி.

ஜூன் 7
இறங்கி எண்ணினேன். பதினோரு ஓட்டில் உயிர் இருக்கிறது. குண்டூசித் தலை அளவு. பழுப்பு நிறம் திரும்பியிருக்கிறது. மீதியெல்லாம் பாசி. சார் டீ வாங்கிக் கொடுத்தார்.

மாரியம்மாள் அக்காவுக்கு போன் செய்தேன். பதினொண்ணு என்றதும் கரகரவென்று சத்தம். அழுகிறாரா, லைன் கோளாறா, தெரியவில்லை. பிறகு கேட்டார்: "திரும்ப எப்ப முட்ட வுடும்?"
"அடுத்த மார்ச்சுலக்கா."
"அப்ப பொங்கல் முடிஞ்சதும் வந்துடு. ஐந்நூறு போடுவோம்."