நான் பார்க்காத காட்சி

ஜூன் 9, திங்கட்கிழமை
கடை

சிட்டுவின் அம்மாவுக்கு,

நேற்று நீர்நாய்ப் படம் பார்க்கப் போன இடத்தில் சிட்டு அழுது, வாந்தி எடுத்தாள். ஆறு மணிக்குக் கொண்டுவந்து விட வேண்டியவளை நாலரைக்கே விட்டுவிட்டுப் போனேன். வாசலில் நீ கேட்டதற்கு "பாப்கார்ன் ஒத்துக்கலை" என்றேன். அது பொய். ஒத்துக்கொள்ளாதது படம்தான்.

போனில் சொன்னால் மூன்றாவது நிமிடம் பழைய கதையில் போய் நிற்போம். அதனால் எழுதுகிறேன். கடை வண்டி டிரைவர் கொண்டுவருவார். பதிலையும் அவரிடமே கொடு.

எனக்கு ஆத்திரம் படம் எடுத்தவன் மேல். போஸ்டரில் குட்டி நீர்நாய் தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கிறது. டிரெய்லரில் சோப்பு நுரையில் வழுக்கி விழுகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்குகிறவன் இல்லை. நூறு குழாய் வாங்கினாலும் ஒரு பெட்டியை உடைத்து, ஒன்றைக் கையில் எடுத்து, எடை பார்த்து, திருகிப் பார்த்துத்தான் வாங்குவேன். டிரெய்லரை மூன்று தடவை பார்த்தேன். உள்ளே போனால் சாக்கடைக் குழாய்க்குள்ளிருந்து நூறு கையோடு ஒன்று வருகிறது! ஆறு வயசுப் பிள்ளைக்கு இது தேவையா? மானேஜரைப் பிடித்துக் கேட்டேன். "எல்லா வயசும் பாக்கலாம்னு போட்டிருக்கு சார். பொம்மைப் படம்தானே சார்" என்கிறான். சுடுதண்ணீர்க் குழாய் என்று விற்று அதில் கரண்ட் வந்தால் என் கடையை விட்டுவைப்பார்களா?

பாத்ரூம் பக்கம் போகப் பயப்படுகிறாளாம், டிரைவரிடம் உன் அக்கா சொன்னாளாம். நாளைக்கே குழாய்க்காரரை அனுப்புகிறேன். என்னிடம் இருப்பதிலேயே கெட்டியான ஸ்டீல் மூடி. யானை வந்தாலும் அசையாது.

சிட்டுவின் அப்பா


ஜூன் 11, புதன்கிழமை

சிட்டுவின் அப்பாவுக்கு,

உங்கள் குழாய்க்காரர் வந்தார். நான் பல் கிளினிக்கில் டியூட்டியில் இருந்தேன், அக்கா கதவைத் திறந்திருக்கிறாள். வடிகாலுக்கு மூடி, மூடிக்கு நாலு ஸ்குரூ. சிட்டு பக்கத்தில் நின்று முழுக்கப் பார்த்திருக்கிறாள். அதுவரை கதவைத் திறந்து வைத்தாவது குளித்தாள். இப்போது உள்ளேயே கால் வைக்க மாட்டேன் என்கிறாள். "பெரிம்மா, அது நிஜமாவே வரும். அதான் அப்பா மூடி போட்டிருக்காரு" என்றாளாம். பால்கனியில் வாளி வைத்துக் குளிப்பாட்டுகிறேன். உங்கள் யானைக்கு மிகவும் நன்றி.

படம் எடுத்தவரையும் மானேஜரையும் நன்றாகத் திட்டியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை சிட்டு சொன்னாள். "ரெண்டு தடவை போலாம்ப்பான்னு சொன்னேன்மா. டிக்கெட் வாங்கியாச்சு, முழுசா பாத்துட்டுத்தான் போகணும்னு சொல்லிட்டாரு."

எங்கள் கிளினிக்குக்கு நாலு வயசுப் பிள்ளைகள் வருகிறார்கள். அந்த மிஷின் சத்தம் எந்தப் படத்தையும்விடப் பயங்கரம். வலிக்கவே வலிக்காது என்று நாங்கள் பொய் சொல்வதில்லை. "கையைத் தூக்கு, டாக்டர் நிறுத்திடுவாரு" என்கிறோம். தூக்கினால் நிறுத்துகிறார். அந்த ஒன்றை நம்பித்தான் வாயைத் திறக்கிறார்கள். பாதிப் பேர் கடைசி வரை தூக்குவதே இல்லை.

நானும் உங்கள் வீட்டில் கை தூக்கிப் பார்த்தவள்தான். அப்போதெல்லாம் நீங்கள் ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். அதை விடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சிட்டுவை அனுப்ப மாட்டேன். அடுத்த ஞாயிறு பற்றியும் யோசித்துத்தான் சொல்வேன்.

சிட்டுவின் அம்மா


ஜூன் 14, சனிக்கிழமை
கடை

சிட்டுவின் அம்மாவுக்கு,

வாரத்தில் எனக்கு என்று இருப்பது ஒரு நாள். அதையும் நிறுத்திவிட்டாய். முதலில் ஒரு பதில் எழுதினேன். அதில் உன் அக்காவைப் பற்றியும் நாலு வரி இருந்தது. கிழித்துவிட்டேன்.

டிக்கெட் விஷயம் உண்மை. சொன்னேன். வாங்கின எதையும் பாதியில் விட்டு எழுந்திருக்கிற பழக்கம் எனக்கு இல்லை. உனக்குத் தெரியாததா?

ஆனாலும் மனசு ஆறவில்லை. அத்தனை பிள்ளைகள் பார்க்கிற படம் என் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? வியாழக்கிழமை மத்தியானம் கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் "குழந்தை எங்க சார்?" என்றாள். "நான்தாம்மா" என்றேன்.

பக்கத்து சீட்டில் ஒரு அம்மா, ரெட்டை ஜடை போட்ட ஒரு பொண்ணு. நாலாவது தடவையாம். நூறு கை வெளியே வந்ததும் தியேட்டரே அலறியது. அலறி முடித்துச் சிரித்தது. அந்தப் பொண்ணு விரலிடுக்கில் பார்க்கிறாள். "பயமா இல்லையா பாப்பா?" என்றேன். "பயமாத்தான் இருக்கு அங்கிள். அதுக்குத்தானே வந்தோம்?"

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரம் கழித்து ஒரு காட்சி. அப்பா நீர்நாயை வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது, பாறையில் அதன் தலை மோதுகிறது. குட்டி ஊர் ஊராக நீந்தித் தேடி, வேறொரு ஆற்றங்கரையில் அதைக் கண்டுபிடித்து "அப்பா!" என்று ஓடுகிறது. அப்பா நீர்நாய் திரும்பிப் பார்த்து, "நீ யாரு பாப்பா?" என்று கேட்கிறது. பாட்டு இல்லை, சத்தம் இல்லை. நாலாவது தடவையாகப் பார்க்கிற அந்த ரெட்டை ஜடை எழுந்து அம்மா மடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

இந்தக் காட்சியை நான் ஞாயிற்றுக்கிழமை பார்க்கவே இல்லை. எப்படி விட்டுப்போனது என்று யோசித்து, போனை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு மூன்று பத்துக்கு ஒரு அழைப்பு. டைல்ஸ் கம்பெனிக்காரன். ஒன்பது நிமிடம் பேசியிருக்கிறேன். "அசையாம உக்காரு, அப்பா இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அந்தக் காட்சி ஓடியபோது என் சீட் காலி.

இன்னும் இருக்கிறது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் என் முகத்தையே பார்த்தாள். "அப்பா, எம் பேரு என்ன சொல்லு?" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்து, "அய்யய்யோ, பேரு மறந்து போச்சே!" என்றேன். அதற்குப் பிறகுதான் "போலாம்ப்பா" என்றாள்.

இதை அவள் உன்னிடம் சொல்லவில்லை போல. சொல்லியிருந்தால் நீ விட்டுவைத்திருக்க மாட்டாய். நான் எழுதாவிட்டால் உனக்குத் தெரியப்போவதும் இல்லை. கீறல் விழுந்த வாஷ்பேசினைக் கீறல் சுவர்ப் பக்கம் இருக்கிற மாதிரி வைத்து நான் விற்றிருக்கிறேன். இதை அப்படி வைக்க முடியவில்லை. எத்தனை ஞாயிறு பிடித்துக்கொள்வாயோ, பிடித்துக்கொள்.

ஆனால் ஒன்று. அந்தக் காட்சி ஆறு வயசுக்கு அதிகம்தான். அதில் நான் இறங்கி வர மாட்டேன்.

சிட்டுவின் அப்பா


ஜூன் 16, திங்கட்கிழமை

சிட்டுவின் அப்பாவுக்கு,

டிரைவரை நிற்க வைத்தே படித்தேன். கண்டபடி எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். அதற்கு முன் சிட்டுவை மடியில் வைத்துக் கேட்டேன்.

"அப்பா உன் பேரை மறந்துட்டாராடி?"

"தெரியலம்மா. ஞாயித்துக்கிழமை வந்தா கேக்கலாம்னு ஷூ போட்டுட்டு உக்காந்திருந்தேன். வரல."

நேற்று ஷூ போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு விளையாடப் போகிறாள் என்று நினைத்தேன். நீங்கள் வராதது என் முடிவு என்று அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நாளை சாயங்காலம் வாருங்கள். மிச்சத்தை அவளிடம் பேசிய பிறகு வாசலில் பேசிக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு சினிமா கிடையாது.

வரும்போது ஸ்குரூ டிரைவர் எடுத்து வாருங்கள். அந்த மூடியை நீங்களே உங்கள் கையால் கழற்றுங்கள், அவள் பார்க்கட்டும்.

சிட்டுவின் அம்மா


ஜூன் 18, புதன்கிழமை
கடை

சிட்டுவின் அம்மாவுக்கு,

நேற்று அவள் முழுப் பேர், பிறந்த நாள், பிறந்த நேரம், அன்றைக்கு இருந்த எடை எல்லாம் ஒப்பித்தேன். முழங்காலில் தழும்பு எப்படி வந்தது என்பது வரைக்கும் தயாராக வைத்திருந்தேன். எடை வரைக்கும் கேட்டுவிட்டு "சரிப்பா" என்று விளையாடப் போய்விட்டாள். பத்து நாள் நான் பட்ட பாட்டுக்கு அவ்வளவுதான் மரியாதை. மூடியைக் கழற்றும்போது மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஸ்குரூவை வாங்கி வைத்துக்கொண்டாள். இன்று உள்ளே குளித்தாளா என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பு.

உட்காருங்கள் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முக்கால் மணி நேரம் வாசலில் நிற்க வைத்தே பேசிவிட்டாய். போகட்டும்.

வாசலில் பேசியதை எழுதி வைக்கிறேன், நாளைக்கு நீயும் நானும் மாற்றிப் பேச முடியாது. நீ கேட்டது ஆறு மாதம், நான் கேட்டது இரண்டு, முடிந்தது மூன்று. மூன்று மாதத்துக்கு சினிமா இல்லை. அதற்குப் பிறகு எந்தப் படமானாலும் நான் முதலில் முழுதாகப் பார்த்துவிட்டுச் சொல்வேன், நீயும் சரி என்றால்தான் டிக்கெட். அவள் கை தூக்கினால் அந்த நிமிடமே எழுந்து வெளியே வந்துவிடுவது, ஏன் என்று கேட்காமல். புதன் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை அவள் என்னோடு இருப்பது புதிதாகச் சேர்ந்தது, இன்றிலிருந்தே. ஞாயிறு பழையபடி. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு என் போனை உன் கையில் கொடுத்துவிட்டு அவளைக் கூட்டிப்போவேன். ஆறு மணிக்கு அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனை வாங்கிக்கொள்வேன்.

சிட்டுவின் அப்பா