வெள்ளை மினி லாரி

டிசம்பர் 12, வெள்ளி. சிதம்பரம். விட்டு விட்டுத் தூறல்.

ஜாபருக்கு வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்திருக்கிறது. விலகவில்லை. மாவுக்கட்டு போட்டாகிவிட்டது. தகவல்: வார்டு டாக்டர், காலை 8.40, என் கட்டிலருகே நின்று சொன்னது. எனக்கு நெற்றியில் ஐந்து தையல், இடது விலாவில் வீக்கம். தலை ஸ்கேனில் கோளாறு இல்லை.

நேற்று மாலை நாலு மணி வரை ஜாபர் யாரென்றே தெரியாது. நாலு பத்து வாக்கில் பரங்கிப்பேட்டைச் சாலையில் அவர் பைக்கும் என் பைக்கும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. ‘நேருக்கு நேர்.’ முப்பத்தோரு வருஷமாக இந்தப் பேப்பருக்கு எழுதுகிறேன், இந்த இரண்டு சொல்லை எத்தனை தடவை போட்டிருப்பேன். அது எப்படியிருக்கும் என்று இப்போதும் தெரியவில்லை.

நினைவில் உள்ளவை, வரிசைப்படி: பரங்கிப்பேட்டையில் மீனவர் மனு பற்றிப் பேட்டி எடுத்துவிட்டு, பு.முட்லூர் வழியாகக் கடலூருக்குக் கிளம்பியது. சாலையின் இரண்டு பக்கமும் மழைத் தண்ணீர், அதற்குள் வானம். வலப்பக்கம் வெள்ளையாக ஏதோ, பெரிதாக. பிறகு யாரோ முகத்தில் தண்ணீர் அடித்தது.

நடுவில் நாலு வினாடி. காணோம்.

ஜாபர் எதிர்க் கட்டில். வயது 34. ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். இரண்டு மாத லீவு முடிந்து 24ஆம் தேதி, புதன்கிழமை விமானம்.

“அன்னிக்கி ஏறலன்னா வேற ஆள போட்ருவாங்க சார். கை கூடிடும்ல?”

டாக்டரைக் கேட்க வேண்டியதை என்னைக் கேட்டார். கூடிவிடும் என்றேன். ஆதாரமில்லாமல் சொன்னது.

டிசம்பர் 13, சனி. கடலூர்.

வீடு. வலி மாத்திரை தின்றால் கட்டில் மெல்ல மிதக்கிறது. மதியம் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில், அந்தச் சாலை சுருட்டி வைத்த பாய் மாதிரி விரிந்தது. அந்த இடம் வந்ததும் வெள்ளை. வெறும் வெள்ளை.

வசந்தா நேற்றே பைக் பேப்பர்களைத் தேடி எடுத்து வைத்திருக்கிறாள். இன்சூரன்ஸ் ஆகஸ்ட்டிலேயே முடிந்துவிட்டது.

“இன்சூரன்ஸ் இல்லாத வண்டிங்க எத்தினின்னு பக்கம் பக்கமா எழுதுன மனுசன் வீட்டுல பாரு.”

பேப்பர்களை வாங்கி மடித்து வைத்தேன்.

மைத்துனன் சேகர் வந்தான். வசந்தாவின் தம்பி, சிப்காட்டில் ஷிப்டு வேலை, ஊரில் எல்லா ஆபீசிலும் ஆள் தெரியும். அவன் விசாரித்து வந்தது: ஜாபர் வண்டிக்கும் இன்சூரன்ஸ் இல்லை. அவர் வெளிநாட்டில் இருந்தபோது வண்டி வீட்டில் போர்வை போர்த்திக் கிடந்திருக்கிறது. லீவுக்கு வந்ததும் போர்வையை எடுத்துவிட்டு ஓட்டியிருக்கிறார்.

இன்னொன்று. விபத்து நடந்த அன்று மாலையே ஜாபர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து, இடது கையால், மொபைலில் இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறார். அது மறுநாள் முதல்தான் செல்லும். கேட்டுச் சிரித்தேன், விலா பிடித்துக்கொண்டது. பிறகு வசந்தா மெதுவாகச் சொன்னாள், அவளும் நேற்றே எனக்குக் கட்டிவிட்டாளாம். ஆக இப்போது இரண்டு வண்டிக்கும் இன்சூரன்ஸ் உண்டு. இரண்டும் ஸ்டேஷன் வாசலில் சங்கிலி போட்டு நிற்கின்றன.

‘விபத்து நடந்தால் என்ன செய்வது’ என்று முன்பு நானே ஒரு பெட்டிச் செய்தி எழுதினேன். காயம்பட்டவரைக் கவனி, ஸ்டேஷனுக்குச் சொல், இடத்தைப் படம் எடு, சாட்சியின் பெயரைக் குறி, இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவி. அதற்குப் பிறகு வரும் எல்லா வரியும் அந்தக் கம்பெனியை நம்பித்தான். கம்பெனியே இல்லாதவனுக்கு ஒரு வரியும் எழுதவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு. வெயில், மங்கலாக.

சேகர் கேட்டுச் சொன்ன நிலவரம்: யார் தப்பு என்று வாக்குமூலத்தில் வருகிறதோ அவர் பேரில் வழக்கு. இன்சூரன்ஸ் இல்லாததற்கு இருவருக்கும் அபராதம். நஷ்ட ஈடு என்று கோர்ட்டில் தீர்ப்பானால் தப்பு செய்தவன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். கோர்ட்டில் ஈடு காட்டாமல் வண்டி வெளியே வராது. தவிர, வழக்கு ஜாபர் பேரில் என்றால் பாஸ்போர்ட்டில் சிக்கல் வரலாம்.

“அதான் மாமா அவுங்க பயப்புடுறாங்க. நீங்க பேப்பர்காரரு. நீங்க சொல்றதுதான் எடுபடும்னு நெனக்கிறாங்க.”

“எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லடா. வெள்ளையா ஏதோ வந்துது, அவ்ளோதான்.”

சேகர் நிமிர்ந்தான். “வெள்ளையான்னா? மினி லாரியா?”

“தெரியல.”

“லாரிதான் மாமா. வேற இன்னா அவ்ளோ பெருசா வெள்ளையா வரும்? லாரி ஓரங்கட்டுனதுல ரெண்டு பேரும் மோதிக்கினீங்க. அவன் நிக்காம போயிட்டான். அடையாளம் தெரியாத வாகனம். ஒங்க மேலயும் கேசு இல்ல, பாய் மேலயும் கேசு இல்ல.”

அவனே ஜாபருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். லாரிக் கதையை அவனே சொன்னான். பிறகு ஜாபர்: “சார் சொன்னா சரிதான்.”

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு, தலை தெளிந்ததும் வாருங்கள், செவ்வாய்க்கிழமை எழுதிக்கொள்ளலாம் என்றிருக்கிறார்.

டிசம்பர் 15, திங்கள்.

வாக்குமூலத்தை வீட்டிலேயே எழுதிப் பார்த்தேன். ‘அதிவேகமாக வந்த அடையாளம் தெரியாத வெள்ளை நிற மினி லாரி...’ கை நிற்கவில்லை. பழகிய வரி. பதினோரு வாக்கியம், ஒரு அடித்தல் இல்லை. எழுத எழுத லாரி தெரியத் தொடங்கியது. தார்ப்பாய், தளர்ந்த கயிறு, பின்கதவில் சேறு. மாத்திரையின் வேலையாக இருக்கலாம். நான் பார்த்ததா, எழுதியதா என்று சாயங்காலத்துக்குள் பிரிக்க முடியவில்லை.

வசந்தா படித்தாள். “நல்லாருக்கு” என்றாள். பிறகு, “நெஜமா லாரியா?”

ஒரு விவரம் இடறுகிறது. லாரி எந்தப் பக்கம் போனது? பரங்கிப்பேட்டைக்கா, பு.முட்லூருக்கா? இடத்தைப் பார்க்காமல் எழுதியதில்லை. நாளை ஸ்டேஷனுக்கு முன் அங்கே இறங்க வேண்டும்.

டிசம்பர் 16, செவ்வாய். பனி.

மார்கழி முதல் நாள். பஸ் முழுக்க ஈரத் தலையும் பூவும். பு.முட்லூரில் இறங்கி ஷேர் ஆட்டோ.

இடம்: டீக்கடை ஒன்று, அதற்கு எதிரே வளைவு இல்லாத நேர்சாலை. வளைவே இல்லை. தாரில் ஒரு கீறல், ஐந்து தப்படி நீளம். பு.முட்லூருக்குப் போகிறவன் வலது கைப் பக்கம். அதாவது என் பக்கம் இல்லை. ஜாபர் பக்கம்.

டீக்கடைக்காரம்மா, ஐம்பது வயது இருக்கும், என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒற்றைச் செருப்பைக் கொண்டுவந்து போட்டார்.

“ஒங்குளுதுதான? இன்னொண்ணு தண்ணியில போயிடிச்சி.”

அன்று முகத்தில் தண்ணீர் அடித்தவர் இவர்தான். டீ சொன்னேன். வழக்கமான குரலில், வழக்கமான கேள்வி: “அந்த வெள்ளை லாரி எந்தப் பக்கம்மா போச்சு?”

“எந்த லாரி?”

“மினி லாரி. வெள்ளை.”

“லாரியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல சார். ரோடு வெறிச்சினு கெடந்துச்சி. அந்தப் பையன் அவம்பாட்டுக்கு ஓரமா வந்தான். நீங்கதான் உள்ளான் பாத்துக்கினே வலது பக்கமா எறங்கிட்டீங்க. நான் கூட கத்துனேன், யோவ், யோவ்னு. மன்னிச்சிக்குங்க.”

உள்ளான்.

வந்துவிட்டது, நாலு வினாடியும். தண்ணீருக்கு மேல் நூறு, இருநூறு உள்ளான் பறவைகள், பழுப்பாக, புகை மாதிரி. எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின. திரும்பியதும் அத்தனை வயிறும் வெள்ளை. வானத்தில் யாரோ ஒரு ஜன்னலைத் திறந்தது போல. மறுபடி பழுப்பு. மறுபடி வெள்ளை. என் வண்டி அதன் பின்னால் போயிருக்கிறது. நான் அப்போது சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுத வேண்டும். பல வருஷத்தில் அப்படி இருந்ததில்லை.

டீ ஆறிவிட்டது. அம்மா வேறு ஊற்றிக் கொடுத்தார்.

ஸ்டேஷனுக்குப் போகவில்லை. பரங்கிப்பேட்டைக்குப் போனேன். ஜாபர் வீட்டில் ஒரு பெட்டி பாதி அடுக்கிய நிலையில் திறந்து கிடந்தது. இடது கையால் சட்டை மடிக்கப் பழகிக்கொண்டிருந்தார். உட்காராமலே சொன்னேன், லாரி வரவில்லை, நான்தான் உங்கள் பக்கம் வந்தேன் என்று.

“தெரியும் சார்.”

“தெரியுமா?”

“பாத்துக்கிட்டுத்தான வந்தேன். நீங்க மேல பாத்து சிரிச்சிக்கிட்டே வந்தீங்க. ஹாரன் அடிச்சேன். இன்னும் நல்லா சிரிச்சீங்க.”

“ஏன் சொல்லல?”

அவர் சட்டையை மடித்து முடித்தார். “பேப்பர்காரருன்னாங்க. நான் ஒண்ணு சொல்லி, நீங்க ஒண்ணு சொன்னா? எனக்கு 24 தான் சார் முக்கியம். லாரின்னாலும் சரி, கப்பல்னாலும் சரின்னு இருந்துட்டேன்.”

அவர் மனைவி கவனமாக ஒரு டம்ளர் ரோஸ்மில்க் கொண்டுவந்து வைத்தார். குடிப்பது கடினமாக இருந்தது. குடித்தேன்.

டிசம்பர் 17, புதன்.

வீட்டில் சண்டை. சேகர், வாசலில் நின்றே: “மாமா, அவனே ஒத்துக்கினான். ஒங்களுக்கு இன்னா வந்துது? கோர்ட்டுல எவ்ளோ போடுவாங்கன்னு தெரியுமா? லைசென்சும் போவும்.”

“தெரியும்.”

“குருவி பாத்தேன்னா எழுதுவீங்க? ஊரே சிரிக்கும்.”

“உள்ளான்.”

வசந்தா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “சேகரு, நீ சாப்ட்டுப் போ” என்றாள். எனக்கு அவள் பதில் இன்னும் வரவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

மதியம் ஸ்டேஷன். நான் சொன்னதைச் சொன்னபடி ஏட்டு எழுதினார். ஓர் இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

“‘பறவைகளைப் பார்த்தபடி’ன்னு போடவா சார், ‘கவனக்குறைவாக’ன்னு போடவா?”

“ரெண்டும் போடுங்க.”

பதினோரு வாக்கியம் வரவில்லை. நாலுதான். கையெழுத்துப் போட்டேன். எழுத்துக் கோணல். ஜாபர் காயம்பட்டவர் என்று பதிவு. அவர் வாக்குமூலத்தை வீட்டிலேயே போய் வாங்கிக்கொள்வார்களாம். அவர் பயணத்துக்குத் தடை இல்லை என்று ஏட்டு வாய்மொழியாகச் சொன்னார். ‘வாய்மொழியாக’ என்று குறித்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 18, வியாழன்.

ஒன்றும் இல்லை. மழை. தையல் பிரித்தார்கள். நான் அனுப்பிய செய்தி நாலாம் பக்கம், ஆறு வரி: செய்தியாளர் மீது வழக்கு. வயது சரி. இனிஷியல் தவறு.

மாலையில் கடல் சத்தம் இங்கே வரை கேட்டது. கண்ணை மூடினால் அந்த வெள்ளைத் திருப்பம் வருகிறது. அழகாகத்தான் இருக்கிறது, இப்போதும். உடனே ஒரு மணிக்கட்டு வருகிறது.

டிசம்பர் 20, சனி. வெளுப்பான வானம்.

காலையில் வசந்தா காபி வைத்துவிட்டு, “அந்தப் புள்ளக்கி கை கூடலன்னா?” என்றாள். இதுதான் அவள் பதில் என்று எடுத்துக்கொண்டேன். கூடாவிட்டால் அவர் சம்பளம் நின்றுபோகும் நாளுக்கெல்லாம் நாம்தான் பொறுப்பு என்றேன். தலையசைத்தாள். பீரோ சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

உறுதியானவை: எஃப்.ஐ.ஆர். நகல் கையில். என் பேரில். ஜாபர் வாக்குமூலம் வாங்கியாகிவிட்டது, நேற்று பகல்.

நிலுவை: வண்டிகளைப் பார்க்க பிரேக் இன்ஸ்பெக்டர், செவ்வாய். என்னைக் கோர்ட்டுக்கு அழைப்பது, ஜனவரியில் என்கிறார்கள், தேதி இல்லை. நஷ்ட ஈட்டு மனு, ஜாபர் வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கேட்டால் மறுக்கப் போவதில்லை என்று சொல்லியனுப்பினேன்.

பதினொரு மணிக்கு ஜாபர் போன்.

“திங்கக்கெழம எக்ஸ்ரே சார். வெலகாம இருந்தா கட்டோட ஏறிடலாமாம். வெலகியிருந்தா பிளேட்டு வைக்கணுமாம், அப்ப 24 இல்ல. நீங்க வரீங்களா?”

“வரேன்.”

“வாங்க. பஸ்ல வாங்க.”

பின்னால் யாரோ சிரித்தது கேட்டது. அவர் சிரிக்கவில்லை.

திங்கள், காலை பத்து. சிதம்பரம். படம் எடுத்து ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள்.