உப்பை அள்ளிக் கொட்டிடாதீங்க

மீன்களோட அப்பாவுக்கு,

நான் வேலைக்குக் கிளம்பறேன். கடல்மீன் தொட்டியில உப்பு சட்டுன்னு இறங்கிடுச்சு. உப்பு மீட்டர்ல முப்பத்தஞ்சு இருக்க வேண்டியது முப்பத்திரண்டுல நிக்குது, பவளமெல்லாம் மூஞ்சியைச் சுருக்கிக்கிட்டு இருக்கு. அதுக்காக உப்பை நேரா தொட்டியில கொட்டிடாதீங்க, உங்க அவசரம் எனக்குத் தெரியும். நீல வாளியில உப்பைத் தூக்கலா கரைச்சு வெச்சிருக்கேன். மத்தியானம் ஒரு ஜக் தொட்டித் தண்ணிய வெளிய எடுத்துட்டு, பதிலா ஒரு ஜக் வாளித் தண்ணிய மெல்ல ஊத்துங்க. ஒரு நாளைக்கு ஒரு புள்ளிதான் ஏறணும், பழைய நிலைக்கு வர மூணு நாளாகும். நாக்குல வெச்சு உப்பு பாக்காதீங்க, மீட்டர் மேஜை மேலதான் இருக்கு.

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். நீங்க தேடின சாவி ஃப்ரிட்ஜ் மேல.

பின்குறிப்பு: "நல்ல தண்ணிய ஊத்திக் கெடுத்தது நீங்கதான்"னு நேத்து உங்களைக் காய்ச்சி எடுத்தேன் இல்ல? காலையில பாத்தா, கண்ணாடி தேய்க்கிற பிரஷ், தண்ணி மட்டம் பாத்து மோட்டாரைப் போடற மிதவையை அமுக்கிக்கிட்டு கிடக்கு. தொட்டியில தண்ணி குறைஞ்சிடுச்சுன்னு மோட்டார் அது பாட்டுக்கு நல்ல தண்ணிய ஊத்தியிருக்கு. பிரஷை அங்க வெச்சது நான்தான்.

ஓரத்துல இன்னும் கொஞ்சம் இடம் இருக்கு: உப்பு மெல்லவே ஏறட்டும். நீங்க என்கூட பேச மூணு நாள் எடுத்துக்காதீங்க.