நான் சுருதி திருத்திய நாற்பத்தொரு பாட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குளிரில் சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் உடம்பளவில் சுகம். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, மாத்திரை தவறுவதில்லை, இடது கையால் தானே சட்டைப் பொத்தான் போட்டுக்கொள்கிறார், மேல் பொத்தானோடு மட்டும் இன்னும் தகராறு. போனில் சொல்லாமல் எதற்கு இந்தக் கடிதம் என்று நினைப்பாய். உன்னோடு நான் பேசும்போதெல்லாம் அப்பா இப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், நான் குளிக்கப் போனால் என் போனை எடுத்துப் பார்க்கிறார். அதனால் வாத்தியக் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கம்பி மாற்ற வந்திருக்கும் வயலின்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, பழைய ரசீதுகளின் முதுகில் எழுதுகிறேன். போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிட்டு உடனே அழித்துவிடுவேன். நீயும் படித்ததும் அழித்துவிடு கண்ணு. விஷயம் இதுதான், அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

எல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து எழுதினால்தான் என் மனசு ஆறும். பக்கவாதம் வந்து வாய் கோணி, பேச்சு குழறி, ஒரு மாதம் தண்ணீர் கேட்பதற்கே தடுமாறினாரே, அப்போது பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா வந்து, இவர் பாடுகிறவராமே, தினமும் ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள், பதிவு செய்து அவருக்கே போட்டுக் காட்டுங்கள், பேச்சு தானாகத் திரும்பும் என்றார். இருபத்தாறு வருஷம் பஸ் டிப்போ இசைக்குழுவில் மைக்கை விடாத மனுஷன், ஹாரனே வேண்டாம் இவர் குரல் போதும் என்று கூட வேலை பார்த்தவர்கள் கிண்டல் செய்வார்கள், அவருக்குச் சொல்லவா வேண்டும். நீ அனுப்பிய லேப்டாப்பையும் மைக்கையும் உன் பழைய அறையில் வைத்து, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, முதல் பாட்டைப் பதிவு செய்தோம். பாடும்போது முகம் மலர்ந்துதான் பாடினார். போட்டுக் காட்டியதும் முகம் சுண்டிப் போயிற்று. சுருதி எங்கேயோ கிடந்தது, இவர் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். "இது யாரு, பஞ்சரான டயரா?" என்று சிரித்தார். சிரித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. எட்டு நாள் அந்த அறைப் பக்கமே போகவில்லை, பேச்சும் மறுபடி குறைந்து தலையாட்டலில் வந்து நின்றது.

அப்போதுதான் நான் உன்னிடம் அழுதேன். கடையில் கம்பிக்குச் சுருதி சேர்க்க நீ போட்டுக் கொடுத்திருந்தாயே, முள் நடுவுக்கு வந்தால் பச்சை காட்டுகிற அந்த இலவச ப்ளகின், லேப்டாப்புக்குள் ஓடுகிற குட்டிக் கருவி, அதே மாதிரி குரலையும் சரி செய்ய ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கும்மா, அதுவும் இலவசம்தான் என்று நீ சொல்லி, போனிலேயே எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தாய். "அந்தக் குமிழை முழுசா திருப்பிடாதம்மா, ரோபோ மாதிரி ஆயிடும், கொஞ்சமா வை" என்றாய். நான் கொஞ்சமாகத்தான் வைத்தேன். திரையில் அப்பாவின் குரல் கோடு தொய்ந்த கொடிக்கயிறு போலக் கிடக்கும், நான் ஒவ்வோர் இடமாகத் தூக்கி நிறுத்துவேன். நான் செய்த தப்பு எங்கே என்று யோசித்துப் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் இறங்கின கம்பியைக் கண்டால் முறுக்கிப் பழகின கை இது, அது மனுஷன், கம்பியில்லை என்று ஒரு நிமிஷம் நிறுத்தி யோசிக்கவில்லை.

பலன் இருந்தது, அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். அவர் பாடுவார், டீ ஆறுது, போய்க் குடிச்சிட்டு வாங்க என்று அனுப்பிவிட்டு அந்த இடைவெளியில் திருத்துவேன், திரும்பி வந்து கேட்டுவிட்டுக் குழந்தை மாதிரி குதிப்பார். "பாத்தியா, குரல் வந்துடுச்சு!" என்பார். தினமும் பாடினார், வாய் திருந்தியது, வார்த்தை தெளிந்தது, பால்காரரோடு வழக்கம்போல் சண்டைகூடப் போட்டார். உனக்குப் பாட்டை அனுப்பச் சொல்வார், நீயும் நல்லா இருக்குப்பா என்று எழுதுவாய், அதை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டுவார். நாற்பத்தொரு நாள் நம் வீட்டில் சந்தோஷம் இருந்தது. பாடினபடி இருந்ததை ஒரு பக்கமும் திருத்தினதை ஒரு பக்கமும் தனித்தனியாகச் சேர்த்து வைத்தேன், ஏன் பழையதை அழிக்கவில்லை என்று கேட்காதே, அவர் குரலை அழிக்க எனக்கு மனசு வரவில்லை.

போன வாரம் டிப்போவில் ஒரு டிரைவர் ஓய்வு பெற்றார், அதற்கு விழா. அப்பா இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, நான் பாடப் போறேன் என்று கிளம்பினார். போக வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதைச் சொல்ல வாய் வரவில்லை. நானும் கூடப் போனேன். அங்கே பாடினார். கீபோர்டு வாசிக்கிறவர் நல்ல மனுஷன், அப்பாவின் சுருதி போன பக்கமெல்லாம் தானும் கட்டையை மாற்றி மாற்றிப் பின்னாலேயே ஓடினார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள், இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அப்பா அதைப் பாட்டுக்குக் கிடைத்த கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலையில் யாரோ அதைப் போனில் எடுத்துக் குழுவில் போட்டிருந்தார்கள். ஒரு தடவை கேட்டார். போன் கோளாறு என்றார். என் போனில் கேட்டார். அப்புறம் லேப்டாப்பில் விழாவுக்கு முந்தின நாள் பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டு, நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றார். "இதுல நீ ஏதாவது பண்ணினியா?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் கண்ணு, அத்தனை மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்று சொன்னேன்.

பாடினபடி இருக்கிறதை எல்லாம் போடு என்றார். வேண்டாங்க என்று எவ்வளவோ கெஞ்சினேன். நாற்பத்தொன்றையும் வரிசையாகக் கேட்டார், கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றைக்கூடத் தள்ளாமல். அங்கேதான் என் தலையில் இடி விழுந்தது. நான் தினமும் திருத்துகிற அவசரத்தில் ஒன்றைக் கவனிக்கவேயில்லை. முப்பதாவது பாட்டுக்கு மேல் அவர் குரல் நிஜமாகவே தேறியிருக்கிறது. முன்னைப்போல் இல்லை, ஆனால் தேறியிருக்கிறது, நாற்பதாவதில் இரண்டு வரி அப்படியே சுருதியோடு நிற்கிறது, நான் அதில் கை வைக்கவே தேவையில்லை. விழாவில் கூட்டத்தைப் பார்த்த படபடப்பில்தான் தடுமாறியிருக்கிறார். பாருங்க, இது நீங்களே பாடினதுங்க, நான் தொடவே இல்ல என்று கத்தினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதையும் சரி பண்ணித்தானே வெச்சிருக்கே" என்றார். நான் சத்தியம் செய்தேன். அவர் எழுந்து போய் மைக்கின் ஒயரைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டார். கஷ்டப்பட்டு அவர் சம்பாதித்த இரண்டு வரியை நான் அவருக்கே இல்லாமல் செய்துவிட்டேன். இதைவிட நான் அவருக்குச் செய்யக்கூடிய கெடுதல் ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் சண்டை கிடையாது, அதுதான் கொடுமை. சாப்பாட்டுக்கு உப்பு சரியா என்று கேட்டால் சரி என்கிறார். நான் வெளியே மழை என்று சொன்னால் போய் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறார். முந்தாநாள் மட்டும் ஒன்று கேட்டார், "அவளுக்கும் தெரியுமா?" என்று. நீ எழுதின நல்லா இருக்குப்பா எல்லாம் அவர் போனில் இருக்கிறது, எதையும் அழிக்கவில்லை. இனி பொய்யே சொல்வதில்லை என்று அன்று காலைதான் சாமி படத்துக்கு முன்னால் நின்று வேண்டியிருந்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது, என்னைப்போல அவளையும் நினைக்காதீங்க என்று சொல்லிவிட்டேன். நான்கு நாளில் முதல் தடவையாக அவர் முகம் இளகியது. "அப்ப அவகிட்டயே பாடிக் காட்டுறேன். கம்ப்யூட்டர் வேணாம், நேரா போன்ல. அவ சொல்லட்டும்" என்றார். நேற்றிலிருந்து மாடிப்படியில் உட்கார்ந்து முணுமுணுத்துப் பார்க்கிறார், நான் அந்தப் பக்கம் போனால் நிறுத்திவிடுகிறார்.

ஆகையால் மகளே, நீ என்மேல் கோபப்பட வேண்டுமானால் படு, ஆனால் உன்மேல் பழி போட்டுக்கொள்ளாதே, நீ என் அழுகைக்கு இரங்கினவள், அவ்வளவுதான். மாப்பிள்ளையிடம், ராத்திரியில் கண் முழித்து வேலை பார்க்க வேண்டாம் என்று சொல். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒளிக்காமல், நோய்நொடி இல்லாமல், பல்லாண்டு வாழ வேண்டும் என்று அப்பாவுக்கும் சேர்த்து நானே ஆசி எழுதுகிறேன். மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கூப்பிடுவார், சத்தமில்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள். சுருதி இறங்கினால் இறங்குது என்று சொல்லிவிடு, அவர் அழுதால் நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த இரண்டு வரி சேர்ந்து நின்றால் அதையும் சொல். நீ சொன்னால் நம்புவார்.

இனி அவரிடம் எதையும் நல்லா இருக்கிறது என்று சொல்ல முடியாத,
உன் அம்மா