வரப்பில் விழுந்த பதினோரு பேர்

சென்னை,
12.4.1970

அன்புள்ள அப்பாவுக்கு மலர்கொடியின் வணக்கம். நான் நலம். அம்மாவின் மூட்டுவலி தேவலையா? உளுந்து எடுத்தாயிற்றா?

ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அப்படி என்ன படிப்பு என்று கேட்டிருந்தீர்கள். நோயாளியின் விவரங்களை எண்களாக்கி அட்டையில் ஏற்றுவோம். பெயர் இருக்காது. ஊர், வயது, காயம், காரணம் மட்டும்தான். தவறி விழுந்தால் ஓர் எண், யாராவது அடித்தால் வேறு எண்.

நேற்றுப் பயிற்சிக்கு நம் பக்கத்துப் பதிவுகள் வந்தன. தை மாதம் ஒரே நாளில் பூதலூர்ப் பக்கம் பதினோரு பேர் வரப்பில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். "அந்த ஊர் வரப்புக்கு எண்ணெய் தடவி வச்சிருந்தாங்களா?" என்றார் வாத்தியார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அறுப்புக் கூலித் தகராறில் அடிதடி என்று பேப்பரில் வந்ததே, அதே நாள்.

ஏழாவது பதிவு உங்கள் வயதுக்காரர். வலது மணிக்கட்டு முறிவு.

"சார், நடந்ததை எழுதணுமா, அவங்க சொன்னதையா?" என்று கேட்டேன்.

"சொன்னதைத்தாம்மா எழுதணும்."

விழுந்ததற்கான எண்ணையே போட்டேன்.

விடுதிச் சாம்பாரில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. யாராவது வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

வரப்பில் வழுக்கிக் கை சுளுக்கிக்கொண்டது என்று தையிலிருந்து உங்கள் கடிதங்களை அண்ணன்தான் எழுதுகிறான். அடுத்ததில் கோணலாக இருந்தாலும் உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள் அப்பா. எழுத முடிகிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

உங்கள் மகள்,
மலர்கொடி